உறைகளும் பேசும்

சென்ற திங்கள் இப்பகுதியில், பிள்ளைகளின் ஓய்வு நேரத்தைப் பயனுள்ள வழியில் செலவிடுவது குறித்து எழுதியிருந்தோம். அதைப் படித்த வாசகச் சகோதரி ஒருவர் மடல் அனுப்பியுள்ளார். அவருடைய பாட்டனார் கடல் கடந்து வாணிபம் செய்தவராம். பரணிலிருந்த தகரப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது, அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் உறைகளோடு கட்டுக் கட்டாகக் கிடைத்தனவாம். சகோதரியின் மகன் தபால் தலைகள் சேர்ப்பவன். "உறைகளை வெந்நீரில் ஊறவைத்தால் தலைகள் கிழியாமல் பிரிந்து வருமா? விடுமுறை தொடங்கியதும் இவ்வேலையை முடித்துவிட எண்ணியுள்ளோம்" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி! தயைகூர்ந்து அந்த வெந்நீர்ப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாதீர்கள். 'வேண்டாம்' என்னும் ஒரு சொல்லோடு மறுமொழியை முடித்துவிடலாம். ஆயினும் காரணம் விளங்காத மறுப்பு எவருடைய மனத்திலும் நிலைப்பதில்லை. ஆகவே, உலகின் மறுகோடியில், ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட வெற்று உறைகளை உயிரெனப் போற்றிவரும் சிலரைப் பற்றி இத்திங்கள் சொல்லப் புகுகிறேன். அதைப் படித்து முடித்தபின் உங்கள் பெட்டியை நீங்களே வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

தபால் தலை சேர்ப்போரை நாம் அறிவோம். அவர்களுள் ஒரு சாரார் தலையைத் தனியே பிரிப்பதில்லை. தலை, முத்திரை, முகவரி, ஓரத்தில் கிறுக்கிய குறிப்பு ஆகிய அனைத்தும் கலையாத முழு உறையையே அவர்கள் சேர்க்கின்றனர். ஒரு கடிதம் எந்த வழியாக, எவர் கைகளில், எத்தனை நாள் பயணம் செய்து, என்ன கட்டணம் கொடுத்து உரியவரை அடைந்தது என ஆராய்வதே அவர்களது நோக்கம். இதனை அஞ்சல் வரலாறு என்பர். இத்துறையில் மிகுந்த ஆர்வத்தோடு தேடப்படுபவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் மேற்கு எல்லைப் பகுதி குடியேற்றக் காலத்து உறைகள். இவற்றை ஆராய்வதற்கென்றே 1950-இல் அங்கு ஒரு சங்கம் தோன்றியது. 'வெஸ்டர்ன் கவர் சொசைட்டி' என்பது அதன் பெயர்.

அக்காலத்தின் கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவில் கொலோமா என்னுமிடத்தில், மரம் அறுக்கும் ஆலைக்குக் கால்வாய் வெட்டிக் கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் என்பவரின் கண்ணில் பொன் துகள்கள் பட்டன. செய்தி பரவியது. உழவர், வணிகர், ஆசிரியர், மாலுமி என எல்லாத் தரத்தினரும் தத்தம் தொழிலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். 1848-இல் ஏறத்தாழ ஆயிரம் பேரே வாழ்ந்த சான் பிரான்சிஸ்கோவில் இரண்டே ஆண்டுகளில் 25,000 பேர் நெருக்கியடித்தனர். 1855-க்குள் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தோர் மூன்று இலட்சம் என்பர்.

வந்தோரில் பெரும்பாலோர் ஆடவர். மனைவி மக்களையும் பெற்றோரையும் நாட்டின் கிழக்குப் பகுதியில் விட்டுவிட்டு, 'ஓராண்டில் திரும்பிவிடுவேன்' என்று வாக்களித்து வந்தவர்கள். அந்த ஓராண்டு பலருக்கு ஐந்தாண்டு ஆயிற்று. சிலருக்குத் திரும்பும் நாளே வரவில்லை. கணவர் உயிருடன் இருந்தும் தனித்து வாழ நேர்ந்த பெண்களைக் 'கலிபோர்னியா விதவைகள்' என்றே அக்காலத்தில் அழைத்தனர். இரு சாராருக்கும் நடுவே இருந்த ஒரே பாலம் கடிதம்.

அந்தப் பாலமோ எளிதில் கடக்கக்கூடியதாக இல்லை. கிழக்கிலிருந்து மேற்குக்கு இருப்புப் பாதை இல்லை, தந்தியும் இல்லை. நியூயார்க்கில் கப்பலேறிய அஞ்சல் பைகள் பனாமாவின் கீழைக் கரையில் இறக்கப்பட்டன. அங்கிருந்து சிறு படகுகளிலும் கோவேறு கழுதைகளின் முதுகிலும் காட்டுவழியே கடந்து, மறு கரையில் வேறு கப்பலேறி, சான் பிரான்சிஸ்கோவை அடைந்தன. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஏறத்தாழ ஒரு மாதம். பனாமாவைக் கடக்கும் இருப்புப் பாதை 1855 ஜனவரியில்தான் நிறைவுற்றது.

கட்டணமும் சிறிதன்று. 1851 ஜூன் முடிய, அரை அவுன்ஸ் எடையுள்ள கடிதம் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் செல்ல 40 சென்ட். அன்றைய கிழக்குப் பகுதியில் ஒரு கூலித் தொழிலாளியின் நாள் வருவாய் ஒரு டாலர் அளவில்தான் இருந்தது. 1851 ஜூலை முதல், முன்கூட்டிச் செலுத்தினால் 6 சென்ட், செலுத்தாவிடில் 10 சென்ட் எனக் குறைத்தனர். 1855 ஏப்ரல் முதல் 10 சென்ட் என்றாயிற்று. முன்கூட்டிச் செலுத்துவதும் கட்டாயமாயிற்று. 1863 ஜூலையில் நாடெங்கும் ஒரே கட்டணமாக 3 சென்ட் வந்தது. இந்த எண்களை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். ஓர் உறையின் வயதை அறிய இவை எவ்வாறு உதவுகின்றன என்பதைப் பின்னர் காண்போம்.

சான் பிரான்சிஸ்கோவில் அஞ்சல் கப்பல் வந்தால் ஊரே அஞ்சலகத்தின் முன் திரண்டது. பேயர்டு டெய்லர் என்னும் எழுத்தாளர் 1849-இல் அங்கிருந்தவர். தாமே உள்ளே சென்று கடிதங்களைப் பிரித்தடுக்க உதவியவர். ஒரே கப்பலில் 45,000 கடிதங்கள் வந்ததாக அவர் எழுதியுள்ளார். ஊழியர்கள் கதவைத் தாழிட்டுக் கொண்டு இரவு பகலாக உழைக்க, வெளியே வரிசை தெருக்களைக் கடந்து நீண்டது. கடிதம் எதிர்பாராத சிலர் முன்கூட்டியே வந்து வரிசையில் நின்று, தம் இடத்தைப் பிறருக்கு விற்றுப் பணம் பார்த்தனர் என்றால் அந்தக் காத்திருப்பின் வேகத்தை எண்ணிப் பாருங்கள்!

சுரங்கத்தில் வேலை செய்வோர் நிலை இன்னும் கடினம். கடிதம் வந்திருக்கிறதா என்று அறியவே மலையிலிருந்து பல நாள் நடந்து நகருக்கு வர வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர்களுள் அலெக்சாண்டர் டாட் என்பவர் முதன்மையானவர். பொன் தேடிவந்து, உடல் ஒத்துழைக்காமையால் அத்தொழிலை விட்டவர் அவர். 1849-இல் சுரங்கத் தொழிலாளரின் பெயர்களைப் பட்டியலிட்டுக் கொண்டு நகருக்குச் சென்று, அவர்களுக்குரிய கடிதங்களைத் திரட்டி வந்து கையில் சேர்த்தார். பெயர் எழுதிக்கொள்ள ஒரு டாலர். கொணர்ந்து தரும் கடிதம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அவுன்ஸ் பொன் துகள்! அதன் மதிப்பு 16 டாலர். ஒரு கடிதத்திற்கா என்று வியக்கிறோம். ஈன்ற தாயின் கையெழுத்தை ஓராண்டு காணாத மகனுக்கு அது மிகையாகத் தோன்றவில்லை.

இவ்வாறு தோன்றிய தனியார் அஞ்சல் நிறுவனங்கள் பல. அவற்றுள் நிலைத்துப் புகழ்பெற்றது, ஹென்றி வெல்ஸ், வில்லியம் ஃபார்கோ ஆகியோர் 1852-இல் தொடங்கிய வெல்ஸ் ஃபார்கோ நிறுவனம். தனியார் கொண்டு செல்லும் கடிதத்திற்கும் அரசின் அஞ்சல் கட்டணம் செலுத்தப்பட வேண்டும் என்பது சட்டம். எனவே அரசு அச்சிட்ட தலை பதித்த உறைகளை வாங்கி, அவற்றின்மீது தன் பெயரையும் கட்டணம் செலுத்தப்பட்டது என்னும் வாசகத்தையும் அச்சிட்டு அந்நிறுவனம் விற்றது. ஒரே கடிதத்திற்கு அரசுக்கு ஒரு கட்டணம், நிறுவனத்திற்கு ஒரு கட்டணம். இருந்தும் மக்கள் அதையே நாடினர். காரணம் நம்பிக்கை. சுரங்கக் குடியிருப்பு எங்கு முளைத்தாலும் அரசு அஞ்சலகம் வருமுன் நிறுவனத்தின் ஆள் அங்கு வந்துவிடுவான். 1895 வரை இந்தக் கடிதப் பணி நடைபெற்றது. அந்த உறைகளே இன்று மேற்கத்திய உறைகளைச் சேர்ப்போரின் முதல் பாடம்.

நிலவழி அஞ்சலின் வரலாறும் சுவையானது. ஜான் பட்டர்ஃபீல்டு என்பவரின் நிறுவனம் 1858 செப்டம்பரில் செயின்ட் லூயிஸிலிருந்து எல் பாசோ, டூசான், லாஸ் ஏஞ்சலஸ் வழியாகச் சான் பிரான்சிஸ்கோவுக்கு வாரம் இருமுறை குதிரை வண்டிகளை ஓட்டத் தொடங்கியது. வழி ஏறத்தாழ 2,800 மைல்; ஒப்பந்தக் கெடு 25 நாள்; அரசு தந்த தொகை ஆண்டுக்கு 6 இலட்சம் டாலர். முதல் வண்டியில் முழுத் தொலைவும் பயணம் செய்த ஒரே பயணி, வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி என்னும் இளம் பத்திரிகையாளர். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்ட வேளையில் தென்பகுதியைச் சுற்றிச் சென்ற இவ்வழி கைவிடப்பட்டது.

எல்லாரும் கேள்விப்பட்டிருக்கும் குதிரை அஞ்சல், அதாவது 'போனி எக்ஸ்பிரஸ்', 1860 ஏப்ரல் 3 அன்று தொடங்கியது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரிலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ வரை ஏறத்தாழ 1,900 மைலைப் பத்து நாளில் கடந்தனர். பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு குதிரை மாறும். நூறு மைல் அளவில் வீரன் மாறுவான். சேணத்தின்மேல் விரிக்கும் தோல் விரிப்பில் நான்கு பைகள். குதிரை மாறும்போது அந்த விரிப்பை மட்டும் எடுத்துப் புதிய குதிரையின் மேல் போட்டுக் கொண்டு பறப்பான். அரை அவுன்ஸுக்கு முதலில் 5 டாலர் வாங்கினர்; 1861 ஜூலையில் அது 1 டாலராகக் குறைந்தது. லிங்கன் 1861 மார்ச்சில் பதவியேற்று ஆற்றிய உரையின் படியை 7 நாள் 17 மணி நேரத்தில் கொண்டு சேர்த்தது இந்த அஞ்சலே.

இத்துணைப் புகழ் வாய்ந்த குதிரை அஞ்சல் எத்தனை ஆண்டுகள் நடந்தது என நினைக்கிறீர்கள்? பத்தொன்பது மாதங்கள்கூட முழுமையாக இல்லை. 1861 அக்டோபர் 24 அன்று நாட்டின் இரு கரைகளையும் தந்திக் கம்பி இணைத்தது. இரண்டே நாளில் குதிரை அஞ்சல் முடிவுக்கு வந்துவிட்டது. நடத்திய நிறுவனத்திற்கு மிஞ்சியது கடன். அது சுமந்த கடிதங்கள் ஏறத்தாழ 35,000 என்பது வழங்கிவரும் கணக்கு. இன்று உலகில் எஞ்சியுள்ள உறைகளோ சற்றேறக்குறைய 250 மட்டுமே. மற்றவை என்னவாயின? அடுப்பெரிக்கவும், குப்பைக்கும், ஈரத்திற்கும், கறையானுக்கும் இரையாயின. சில தலைகளுக்காக வெட்டப்பட்டன. தலையை வெட்டி எடுத்தவர் தமக்கு ஒரு பொருள் கிடைத்ததென்று மகிழ்ந்திருப்பார். அவர் கத்தரித்து எறிந்தது அத்தலையின் வரலாறு முழுவதையும் என்பதை அறிந்திருக்கமாட்டார்.

எஞ்சியவற்றுள் ஓர் உறை பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை. 1860-இல் வழியில் பறிபோன அஞ்சல் பையிலிருந்து அது பின்னர் மீட்கப்பட்டது. பூர்வகுடியினரால் 1860-இல் பறிக்கப்பட்ட அஞ்சலிலிருந்து மீட்கப்பட்டது என்னும் குறிப்பை அதன் முகப்பில் யாரோ ஒருவர் கையால் எழுதியுள்ளார். நியூயார்க்கில் அது சேர்ந்தபோது 1862-ஆம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. பத்து நாளில் பறக்க வேண்டிய கடிதம் ஏறத்தாழ இரண்டாண்டு வழியில் கிடந்தது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் கூறுதல் நேர்மையாகும். 'பறித்தனர்' என்று எழுதியவர், அந்த மண் முன்னர் எவருடையது என்பதை எழுதவில்லை. 1860-இல் நெவாடாப் பகுதியில் பையூட் மக்களுக்கும் குடியேறியோருக்கும் நடந்த போரில் அஞ்சல் நிலையங்கள் எரிந்தன. பல வாரம் அஞ்சல் தடைப்பட்டது. 1848-இல் கலிபோர்னியாவில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சமாக இருந்த பூர்வகுடி மக்கள், 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 30,000 பேராகக் குறைந்துவிட்டனர். நோய், பசி, படுகொலை ஆகிய மூன்றும் அவர்களை விழுங்கின. லாரமி கோட்டை, கியர்னி கோட்டை என்னும் முத்திரைகளைக் கண்டு மகிழும் சேகரிப்பாளர், அக்கோட்டைகள் எதற்காக எழுந்தன என்பதையும் நினைக்கக் கடமைப்பட்டவர். முகவரியே எழுதப்படாத மக்களின் வரலாறு எந்த உறையிலும் நேராகக் கிடைப்பதில்லை.

அந்தப் பாலைவழிகளோடு நமக்கு அறிமுகமான ஒரு பெயரும் கலந்திருக்கிறது. வறண்ட தென்மேற்கில் சுமை ஏற்றிச் செல்ல ஒட்டகங்கள் உதவுமா என அறிய அமெரிக்க இராணுவம் விரும்பிற்று. 1856-இல் டெக்சாஸ் கரையில் முப்பதுக்கு மேற்பட்ட ஒட்டகங்கள் இறங்கின. அவற்றை நடத்த உதுமானியப் பேரரசின் நிலங்களிலிருந்து வந்தவர்களுள் ஒருவர் ஹாஜி அலி. அப்பெயர் அமெரிக்கர் நாவில் 'ஹாய் ஜாலி' என்றாகிவிட்டது! உள்நாட்டுப் போர் வந்ததும் ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. ஹாஜி அலி அந்நாட்டிலேயே தங்கி, 1902-இல் அரிசோனா மாநிலத்தின் குவார்ட்சைட் என்னும் சிற்றூரில் காலமானார். அவருடைய அடக்கவிடத்தின்மேல் 1935-இல் எழுப்பப்பட்ட பிரமிடு வடிவச் சின்னத்தின் உச்சியில் ஓர் ஒட்டக உருவம் நிற்கிறது. பெயர் எழுதுவோரின் கையில் எவ்வாறு உருமாறும் என்பதற்கு இது சான்று. பழைய உறைகளில் முகவரி படிப்போர் முதலில் கற்க வேண்டிய பாடமும் இதுவே.

இனி, ஓர் உறையை எவ்வாறு படிப்பது? ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். உறையின் மீது 10 சென்ட் பச்சைத் தலை; சான் பிரான்சிஸ்கோ முத்திரை; அதில் 'ஜூலை 5' என்று மட்டும் உள்ளது. ஆண்டு இல்லை. அக்கால முத்திரைகள் பலவற்றில் ஆண்டு இருக்காது. எனின், வயதைக் காண்பது எங்ஙனம்? 10 சென்ட் பச்சைத் தலை வெளிவந்தது 1855-இல். அதன் ஓரத்தில் துளைப் பற்கள் இருந்தால் 1857-க்கு முன்னதாக இருக்க முடியாது. ஏனெனில் அமெரிக்கத் தலைகளில் துளையிடும் வழக்கம் அவ்வாண்டில்தான் வந்தது. 1861-இல் போர் காரணமாகப் பழைய தலைகள் செல்லாது என அறிவிக்கப்பட்டன. ஆக, 1857-க்கும் 1861-க்கும் இடைப்பட்டது என்பது தெளிவு.

வழி எது? அக்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அஞ்சல் கப்பல்கள் பெரும்பாலும் திங்களின் 5, 20 ஆகிய நாட்களில் புறப்பட்டன. முத்திரையின் நாள் 5 என்பதால் கடல் வழி எனக் கருத இடமுண்டு. 'லாஸ் ஏஞ்சலஸ் வழி' என்று எழுதியிருந்தால் நிலவழி. இடப்பக்க ஓரத்தைக் கூர்ந்து நோக்கினால், பெற்றவர் தம் கையால் பெற்ற நாளையும் பதில் எழுதிய நாளையும் ஆண்டோடு குறித்திருக்கக்கூடும். அந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் ஐயம் அனைத்தும் தீர்ந்துவிடும். பாருங்கள், உள்ளே கடிதமே இல்லாத வெற்று உறை எவ்வளவு பேசிவிட்டது! அதே தலையை நீரில் பிரித்து எடுத்திருந்தால், '10 சென்ட், பச்சை' என்பதற்கு மேல் அது ஒரு சொல்லும் சொல்லாது.

சிற்றூர் அஞ்சலகங்களுக்கு முத்திரைக் கட்டை தரப்படவில்லை. அங்கே அஞ்சலக அதிகாரி ஊர்ப் பெயரையும் நாளையும் பேனாவாலேயே எழுதினார். பொன் தீர்ந்ததும் அவ்வூர்களில் பல அழிந்தன. கலிபோர்னியாவின் போடி என்னும் ஊர் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த சுரங்க நகரம். அதன் அஞ்சலகம் 1942-இல் மூடப்பட்டது. இன்று அது ஆளில்லாத வீடுகளைக் காக்கும் வரலாற்றுப் பூங்கா. வேறு பல குடியிருப்புகளுக்கு அந்த அளவு அடையாளமும் இல்லை. ஓர் உறையின் ஓரத்தில் எழுதிய பேனா எழுத்தே, 'இங்கு ஓர் ஊர் இருந்தது. இங்கிருந்து ஒருவன் வீட்டுக்கு எழுதினான்' என்பதற்குச் சாட்சி.

இன்னொன்றையும் சேகரிப்பாளர் கண்டறிந்துள்ளனர். மேற்கிலிருந்து கிழக்கே சென்ற உறைகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. கிழக்கிலிருந்து மேற்கே வந்தவை அரிது. ஏன்? சுரங்கத்துக் கூடாரத்தில் இருந்தவனுக்குப் பெட்டி இல்லை, அலமாரி இல்லை. மழையிலும் சேற்றிலும் அவன் கடிதங்கள் அழிந்தன. வீட்டிலிருந்த தாயும் மனைவியும் அவன் எழுதிய ஒவ்வொன்றையும் முடிந்து வைத்தனர். இன்று ஏலக் கூடங்களில் பெரும் விலைக்குப் போகும் உறைகளில் பலவற்றை இத்தனை காலம் காத்தவர்கள் செல்வந்தர்களல்லர், காத்திருந்த பெண்களே!

எல்லாக் கடிதமும் உரியவரை அடையவில்லை. எவரும் கேட்டு வாராத கடிதங்களின் பெயர்ப் பட்டியலை அஞ்சலகங்கள் செய்தித்தாளில் வெளியிட்டன. அவ்வாறு விளம்பரம் செய்யப்பட்டதைக் குறிக்கும் முத்திரை பல உறைகளில் காணப்படுகிறது. அதன் பின்னும் கேட்பாரற்றவை வாஷிங்டனிலிருந்த செத்த கடித அலுவலகத்திற்குச் சென்றன. அந்த முத்திரையைக் காணும்போது நெஞ்சு சற்றே நிற்கிறது. பெறவேண்டியவன் வேறு சுரங்கத்துக்குச் சென்றுவிட்டானா, காய்ச்சலில் மாண்டானா? எழுதியவள் எத்தனை அஞ்சல் நாள் வாயிலைப் பார்த்திருந்தாள்? 1857 செப்டம்பர் 12 அன்று 'சென்ட்ரல் அமெரிக்கா' என்னும் கப்பல் புயலில் மூழ்கியபோது, நானூறுக்கு மேற்பட்ட உயிர்களோடும் பெருமளவு பொன்னோடும் அஞ்சல் பைகளும் கடலில் ஆழ்ந்தன. பொன்னைப் பிற்காலத்தார் தேடி எடுத்தனர். கடிதங்களுக்காகக் காத்திருந்தவர்களின் நாட்களை எவர் எடுத்துத் தருவது?

விலை மிகும் இடத்தில் வஞ்சனையும் வரும். உண்மையான பழைய உறையில் போலி முத்திரை குத்துவது, வேறு தலையை ஒட்டுவது, சாதாரண உறையைக் குதிரை அஞ்சல் உறையாக்குவது ஆகிய மோசடிகள் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. அறிந்தோர் முதலில் கணக்கைப் பார்ப்பர்: அந்த ஆண்டுக்குரிய கட்டணம் பொருந்துகிறதா? முத்திரை தலையின்மீதும் உறையின்மீதும் தொடர்ச்சியாக விழுந்துள்ளதா? கப்பல் புறப்பட்ட நாளோடு ஒத்துவருகிறதா? பின்னரே புற ஊதா விளக்கும் உருப்பெருக்கியும். நியூயார்க்கில் 1945 முதல் இயங்கும் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் ஆராய்ந்து சான்றிதழ் தருகின்றன. குதிரை அஞ்சல் உறைகள் பல்லாயிரம் டாலருக்குப் போகின்றன. எளிய வெல்ஸ் ஃபார்கோ உறைகளோ நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைப்பதுண்டு. பொருள் இல்லாதவரும் பார்த்தறிய, வாஷிங்டனில் 1993-இல் திறக்கப்பட்ட தேசிய அஞ்சல் அருங்காட்சியகம் இருக்கிறது.

சகோதரி! இனி உங்கள் வினாவுக்கு வருகிறேன். உங்கள் பெட்டியில் இருப்பவை பெரும் விலை பெறுமா என்பது என் கவலையன்று. பெரும்பாலும் பெறாது என்றே கொள்ளுங்கள். ஆனால் உங்கள் பாட்டனார் எந்த ஊரில் இருந்தார், எப்போது இடம் மாறினார், ஒரு கடிதம் வீடு வந்து சேர எத்தனை நாளாயிற்று, எந்த ஆண்டில் எழுதுவது நின்றது என்பவற்றை உங்கள் குடும்பத்துக்குச் சொல்லவல்ல சாட்சி வேறு எங்கும் இல்லை. கடிதத்துக்குள் நாள் எழுத மறந்திருப்பார், முத்திரை மறந்திராது. நீரில் இட்டால் தலை பிரியும். முகவரியின் மையும் கரையும். எந்த உறை எந்தக் கடிதத்துக்குரியது என்னும் உறவும் அறுந்துவிடும். ஒருமுறை அறுந்ததை மீண்டும் இணைக்க இயலாது.

ஆகவே செய்யத்தக்கவை இவை. முதலில், ஒவ்வொரு கடிதத்தையும் அதற்குரிய உறையிலேயே இருக்க விடுங்கள். துருப்பிடித்த ஊசிகளையும் குண்டூசிகளையும் மெல்ல நீக்குங்கள். கிழிசலில் ஒட்டு நாடா ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளை அரிக்கும். பிளாஸ்டிக் தாளிட்டு வெப்பத்தில் ஒட்டும் 'லேமினேஷன்' வேண்டவே வேண்டாம். பாலியெஸ்டர் உறைகள் கிடைத்தால் அவற்றிலும், இல்லையேல் அமிலமற்ற வெள்ளைத் தாளில் மடித்தும் வையுங்கள். பி.வி.சி. உறைகள் கேடு செய்யும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், தரையை ஒட்டாமல் வையுங்கள். உறையின்மீது எதுவும் எழுதாதீர்கள். ஒரு குறிப்பேட்டில் எண்ணிட்டு, அனுப்பியவர், பெற்றவர், ஊர், நாள், தலை, முத்திரை என வரிசையாக எழுதுங்கள்.

இந்தக் குறிப்பேட்டு வேலையை உங்கள் மகனிடம் ஒப்படையுங்கள். விடுமுறைக்கு இதனினும் சிறந்த பணி இல்லை. குடும்பத்தில் மூத்தவர் எவரேனும் இருப்பாராயின், அவரை அருகில் அமர்த்திக் கொண்டு செய்யச் சொல்லுங்கள். 'இந்தப் பெயர் யாருடையது? இந்த ஊரில் பாட்டனார் யாரோடு தங்கியிருந்தார்?' எனக் கேட்கக் கேட்க, எழுதப்படாத செய்திகள் பல வெளிவரும். உறைகள் இன்னும் நூறாண்டு இருக்கலாம். அவற்றை விளக்கவல்ல மூத்தோர் அத்தனை காலம் இருக்கமாட்டார்கள். முந்திச் செய்ய வேண்டியது அவர்களைக் கேட்பதே.

கொலோமாவின் பொன் எத்தனையோ கைகள் மாறி, உருகி, உருத்தெரியாமல் போய்விட்டது. அதைத் தேடிச் சென்றவன் தன் தாய்க்கு எழுதிய உறை இன்றும் அவன் பெயரோடும் ஊரோடும் இருக்கிறது, அவள் அதைத் தூக்கி எறியாததனால். உங்கள் பாட்டியாரும் அவ்வாறே முடிந்து வைத்தார். அவர் வைத்துச் சென்றது உங்களிடம் வந்து சேர்ந்த அமானிதம். அதைப் பிரித்துப் பங்கிடாமல், முழுமையாக உங்கள் மகனின் கையில் கொடுங்கள்.